நிற்கத் தெரிந்த வண்டி

என் முதல் மோட்டார் சைக்கிள் முதன்முறையாகக் கீழே விழுந்தபோது அதன் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர்கூட இருக்காது. வாகன நிறுத்துமிடத்தின் வாசலில் இடப்பக்கம் திரும்பிச் சாலையைச் சேரப் போனேன். வாசலில் தரை லேசாகச் சரிந்திருந்தது. ஹேண்டில்பாரை முழுக்க ஒடித்திருந்த நேரம் பார்த்துக் குறுக்கே ஒரு சைக்கிள் வந்தது. வலது கை தானாகவே முன் பிரேக்கைப் பிடித்தது. வண்டி நின்றது, நின்ற அதே கணத்தில் இடப்பக்கம் சாய்ந்தது. காலை ஊன்றினேன். கால் எதிர்பார்த்த இடத்தில் தரை இல்லை. சரிவில் அது நான்கு விரற்கடை கீழே இருந்தது. அந்த நான்கு விரற்கடைக்குள் 205 கிலோவும் என் கையை விட்டுப் போனது.

சைக்கிளில் வந்தவரே இறங்கி ஓடிவந்து வண்டியைத் தூக்க உதவினார். எனக்குச் சிராய்ப்புகூட இல்லை. கிளட்ச் லீவரின் நுனி உடைந்திருந்தது, இண்டிகேட்டர் ஒன்று ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் அன்று மாலையே மாற்றிவிட்டேன். மாற்ற முடியாமல் போனது வேறொன்று. அடுத்த நாளிலிருந்து வண்டியை எடுக்கும்போதெல்லாம் அடிவயிற்றில் ஒரு கனம் ஏறி உட்கார்ந்துகொண்டது. சரிவான இடங்களைத் தவிர்த்தேன். நெரிசல் நேரத்தைத் தவிர்த்தேன். யூ வளைவு எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்காமல், இன்னும் ஒரு கிலோமீட்டர் போய் அகலமான சாலையில் திரும்பிவந்தேன். ஏழு மாதங்கள் அப்படி ஓட்டினேன். அந்த ஏழு மாதங்களில் நான் கற்றுக்கொண்டது அநேகமாக ஒன்றுமில்லை. எவற்றிலிருந்தெல்லாம் கற்றிருக்க முடியுமோ அவற்றைத்தான் பார்த்துப் பார்த்துத் தவிர்த்திருக்கிறேன்.

அந்த வண்டியில் குறை ஒன்றும் இல்லை. நெடுஞ்சாலையில் நாள் முழுக்க அலுக்காமல் போகும் நல்ல வண்டி. வாங்குவதற்கு முன் மாதக்கணக்கில் அதைப் பற்றிப் படித்தேன். சிசி எத்தனை, குதிரைத்திறன் எத்தனை, உச்ச வேகம் எத்தனை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லியிருப்பேன். விவரப் பட்டியலின் அடியில் இருந்த இரண்டு வரிகளை மட்டும் கண் தாண்டிப் போய்விட்டது. இருக்கை உயரம் 835 மில்லிமீட்டர். எடை 205 கிலோ. என் உயரம் 158 சென்டிமீட்டர். இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் அடுத்தடுத்து எழுதிப் பார்த்திருந்தாலே போதும்.

நேராக நிற்கும் வண்டியின் எடையைத் தரை தாங்குகிறது. ஓட்டுபவரின் விரல் பட்டாலே போதும், நிற்கும். சாயத் தொடங்கினால் ஒவ்வொரு பாகைக்கும் சுமை நம் காலுக்கும் இடுப்புக்கும் மாறுகிறது. முதல் சில பாகைகளில் பிடித்துவிடலாம். அதைத் தாண்டினால் எப்பேர்ப்பட்ட பலசாலியாலும் முடியாது. உயரமான வண்டியில் எடை மேலே இருக்கிறது, கால் தரையைத் தொடத் தாமதமாகிறது. அதனால் பிடிப்பதற்குக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. 20 லிட்டர் டேங்கை நிரப்பினால் ஏறக்குறைய 15 கிலோ, அதுவும் வண்டியின் உச்சியில் போய் உட்காருகிறது. ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால், திரும்பியிருக்கும் பக்கத்திலேயே வண்டி மடிந்து விழும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஏழு மாதம் கழித்து அதை விற்றுவிட்டு 150 சிசி வண்டி ஒன்று வாங்கினேன். எடை 138 கிலோ. உட்கார்ந்தால் இரண்டு பாதங்களும் குதிகால் வரை தரையில் படிந்தன. முதல் ஞாயிறு காலை, வெறுமையாகக் கிடந்த ஒரு மைதானத்துக்குப் போய் ஆக்ஸிலரேட்டரையே தொடாமல் கிளட்சை மட்டும் விட்டு விட்டுப் பிடித்தேன். லீவர் விரல்களின் இரண்டாவது கணுவுக்கு வரும்போது எஞ்சினின் சத்தம் ஒரு படி இறங்கும். அந்த இடத்தில் வண்டி ஒரு மூச்சு இழுப்பதுபோல் மெல்ல முன்னே அசையும். லீவரை அங்கேயே நிறுத்திவைத்தால் நடக்கும் வேகத்தில் ஊர்ந்துகொண்டே இருக்கும். பின் பிரேக்கை லேசாக மிதித்தால் இன்னும் நிதானம். அன்று காலை முழுக்க அதையே செய்தேன். முதல் வண்டியோடு ஏழு மாதம் இருந்தும் அந்த இடம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. விழுந்துவிடுமோ என்ற பயத்தில் கிளட்சைப் பட்டென்று விட்டுவிட்டு ஓடுவதே பழக்கமாக இருந்தது.

போன மாதம் அக்காள் மகன் ஒரு படம் அனுப்பினான். பளபளவென்று ஒரு ஸ்போர்ட்ஸ் வண்டி, 600 சிசி, நான்கு சிலிண்டர். அவனுக்கு இருபத்தோரு வயது; கியர் வண்டி ஓட்டிப் பழகி மூன்று வாரம்தான் ஆகிறது.

“சித்தி, இதைத்தான் வாங்கலாம் என்று இருக்கிறேன். பழைய வண்டிதான், நல்ல விலைக்கு வருகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?”

வேண்டாம் என்று உடனே சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. ஏன் என்று அவன் கேட்பான், கேட்கவும் வேண்டும். வீட்டுக்கு வரச் சொன்னேன்.

வந்து உட்கார்ந்ததும் அவன் சொன்ன முதல் வாக்கியம் இதுதான்: “மெதுவாக ஓட்டினால் எல்லா வண்டியும் ஒன்றுதானே சித்தி? ஆக்ஸிலரேட்டர் நம் கையில்தானே இருக்கிறது?”

இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். நானே சொல்லியுமிருக்கிறேன். நியாயமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் வண்டிக்கும் வண்டிக்கும் உள்ள வித்தியாசம் மற்ற எங்கேயும்விட மெதுவாக ஓட்டும்போதுதான் முகத்தில் அறைகிறது. அந்த 600 சிசி ஸ்போர்ட்ஸ் வண்டிகள் பந்தயத் தடத்தை மனதில் வைத்துப் பிறந்தவை. முதல் கியரே நீளமானது. நடை வேகத்தில் போக வேண்டுமென்றால் கிளட்சைப் பாதியில் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஹேண்டில்பார் கொஞ்சம்தான் திரும்பும், அதனால் குறுகிய சாலையில் ஒரே மூச்சில் வளைக்க முடியாது. உடல் முன்னே கவிழ்ந்திருப்பதால் எடை முழுவதும் மணிக்கட்டில். இப்படி ஒரு வண்டியில்தான் புதியவர் நெரிசலில் நின்று நின்று போகப் பழக வேண்டும்.

ஆக்ஸிலரேட்டர் நம் கையில் இருப்பதும் பாதி உண்மைதான். புதியவரின் கை இன்னும் அவருடையதாக ஆகவில்லை. பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் உடல் குலுங்கும், உடலோடு மணிக்கட்டும் திரும்பும். என் 150 சிசி வண்டியில் அப்படி ஆனால் எஞ்சின் ஒருமுறை உறுமிவிட்டு அடங்கும். 14 குதிரைத்திறன் 138 கிலோவைத் தள்ளும் வண்டி அது. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டரை எட்ட 10 விநாடிக்கும் மேல் ஆகும். அவன் காட்டிய வகை வண்டிகளில் 100 குதிரைத்திறனுக்கு மேல் இருக்கும், எடை 200 கிலோவுக்குள். அதே 100ஐ 4 விநாடிக்குள் தொட்டுவிடும். அதே பள்ளம், அதே மணிக்கட்டு, அதே தவறு. மன்னிப்பு மட்டும் கிடைக்காது.

சிசியை மட்டும் வைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை என்பதையும் அவனிடம் சொன்னேன். ஒரே 350 சிசியில் சாந்தமான ஒற்றை சிலிண்டர் வண்டியும் கிடைக்கும், சீறிப் பாயும் வண்டியும் கிடைக்கும். திறனையும் எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சட்டம் எழுதுபவர்களும் இந்த முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் நடைமுறையில் உள்ள ஏ2 என்ற இடைநிலை ஓட்டுநர் உரிமத்துக்கு வண்டியின் திறன் 35 கிலோவாட்டுக்குள், அதாவது ஏறக்குறைய 47 குதிரைத்திறனுக்குள் இருக்க வேண்டும். கூடவே, ஒரு கிலோ எடைக்கு 0.2 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. ஆஸ்திரேலியாவில் கற்றுக்கொள்பவர்களுக்கு 660 சிசி வரை அனுமதி உண்டு, ஆனால் ஒரு டன்னுக்கு 150 கிலோவாட் என்ற உச்சவரம்போடு.

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “சின்ன வண்டி வாங்கினால் ஆறே மாதத்தில் சலித்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்களே” என்றான்.

அதற்கு என்னிடம் இருந்த பதில், என் மனதை விட்டு நீங்காத ஓர் ஆய்வு. ஹாரி ஹர்ட் என்ற தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளரும் அவர் குழுவினரும் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள். அறிக்கை 1981இல் வந்தது. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாமாகவோ, குடும்பத்தாரிடமோ நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். முறையான பயிற்சி பெறாதவர்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது இன்னொரு முடிவு. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு, விபத்தில் சிக்கிய அந்தக் குறிப்பிட்ட வண்டியில் 5 மாதத்துக்கும் குறைவான பழக்கமே இருந்தது. சாலையில் ஓட்டிய மொத்த அனுபவமோ ஏறக்குறைய 3 ஆண்டு. ஓட்டத் தெரிந்தவர்களுக்கே கைக்குப் பழகாத வண்டி இவ்வளவு ஆபத்து என்றால், ஓட்டுவதும் புதிது, வண்டியும் புதிது என்று இருப்பவர் அந்த ஐந்து மாதத்தை எந்த வண்டியில் கழிக்க வேண்டும்? சலிப்பு வரட்டும். சலிப்பு வருகிற அளவுக்குக் கை பழகிய பிறகு பெரிய வண்டிக்குப் போவதை நான் ஒருநாளும் தடுக்கமாட்டேன்.

சின்ன வண்டி என்றால் இரண்டாந்தரம் என்ற எண்ணமும் எனக்கு வருத்தம் தருகிறது. உலகத்தில் மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட மோட்டார் வாகனம் ஹோண்டா சூப்பர் கப். 1958இல் வந்தபோது அதன் எஞ்சின் வெறும் 49 சிசி. ஒரு கையில் பொருளைத் தூக்கிக்கொண்டு மறு கையால் ஓட்டும் விநியோகக்காரர்களை மனதில் வைத்து, இடது கையால் கிளட்ச் பிடிக்கவே தேவையில்லாதபடி அதைச் செய்தார்கள். 2017க்குள் 10 கோடி வண்டிகள் வெளியே வந்துவிட்டன. எத்தனையோ நாடுகளில் முதன்முதலில் ஓட்டக் கற்றவர்களைத் தாங்கியது அந்த 49 சிசி குடும்பம்தான்.

மறுநாள் இருவரும் விற்பனை நிலையம் ஒன்றுக்குப் போனோம். வாங்குவதற்காக அல்ல, உட்கார்ந்து பார்ப்பதற்காக. நான்கு வண்டிகளில் அவனை உட்கார வைத்தேன். புதிதாக வாங்கப் போகிற யாரும் இதைச் செய்யாமல் பணம் கொடுக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஓட்டும்போது அணியப்போகும் காலணியோடு போக வேண்டும். செருப்பின் உயரமும் ஷூவின் உயரமும் ஒன்றல்ல. சைடு ஸ்டாண்டிலிருந்து வண்டியை நிமிர்த்த எவ்வளவு பலம் தேவைப்படுகிறது என்று முதலில் கவனிக்க வேண்டும். உட்கார்ந்தபடி பாதங்களால் தள்ளிப் பின்னால் பத்து அடி நகர்த்த வேண்டும். நுனிக்காலில் நிற்பவரால் தரையைத் தள்ள முடியாது. இந்தச் சோதனையிலேயே பாதி வண்டிகள் கழிந்துவிடும். ஹேண்டில்பாரை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பினால், தூரத்துக் கை முழுக்க நீண்டு தோள் இழுபடுகிறதா, பக்கத்துக் கை டேங்கில் இடிக்கிறதா என்று தெரியும். கிளட்சையும் பிரேக்கையும் விரல்கள் முழுதாகச் சுற்றிப் பிடிக்கின்றனவா? சிறிய கை உள்ளவர்களுக்கு இது இருக்கை உயரம் அளவுக்கே முக்கியம், ஆனால் யாரும் சொல்லித் தருவதில்லை.

இருக்கை உயரத்தின் எண்ணும் ஏமாற்றும். அகலமான இருக்கை தொடைகளை விரித்துவிடுவதால் 790 மில்லிமீட்டர்கூட எட்டாது. டேங்கை ஒட்டிய இடத்தில் இருக்கை ஒடுங்கியிருந்தால் 810 எட்டிவிடும். அவன் நல்ல உயரம், அதனால் கரடுமுரடான பாதைக்கும் ஏற்ற உயரமான அட்வென்சர் வகை வண்டியில் சுலபமாகக் கால் எட்டியது. ஆனால் பின்னால் தள்ளச் சொன்னதும் முகம் சிவந்துவிட்டது. குரூசரில் இருக்கை தாழ்வு, உட்கார்ந்ததும் முகம் மலர்ந்தது. திருப்பச் சொன்னபோது அதன் எடையும் நீளமும் தெரிந்தன. கடைசியாக உட்கார்ந்தது, மேலே எந்த மூடியும் இல்லாத சாதாரண 160 சிசி நேக்கட் வண்டி. அதில் ஏறிய பத்தே விநாடியில் அவன் வண்டியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துப் பேசத் தொடங்கினான். வண்டி உடம்பில் பொருந்திவிட்டது என்பதற்கு எனக்கு அதைவிட நல்ல அடையாளம் தெரியாது.

பிரேக்கைப் பற்றி மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வண்ணம், திரை, விளக்கு எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடிக்கலாம். பிரேக்கை இறுக்கினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு உள்ள மாதிரியும் இல்லாத மாதிரியும் இருந்தால் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும். வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது, ஏனென்றால் வேகம் குறையும்போது எடை முன் சக்கரத்துக்குப் போகிறது. பதற்றத்தில் அதைச் சட்டென்று இறுக்கினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கிவிடும். அனுபவசாலியின் விரல்கள் படிப்படியாக அழுத்தத் தெரிந்தவை. புதியவரின் விரல்களுக்கு அது வரும்வரை ஏபிஎஸ் காவல் நிற்கிறது. 1988இல் பி.எம்.டபிள்யூ. தன் கே100 வண்டியில் கொண்டுவந்த காலத்தில் அது விலை உயர்ந்த வண்டிக்காரர்களின் வசதி. 2016 முதல் ஐரோப்பாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாதிரிகளுக்கு அது கட்டாயம்.

நிற்கும் தூரத்தையும் அவனை ஒரு தாளில் கணக்குப் போட வைத்தேன். ஆபத்தைக் கண்டு பிரேக்கைத் தொட 1 நொடி. பிறகு ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 6 மீட்டர் வீதம் குறைவதாகக் கொள்ளலாம். மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் நிற்பதற்கு 21 மீட்டர். 80இல் 63 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு, தூரம் மூன்று மடங்கு. அவன் அந்த 63ஐ இருமுறை அடிக்கோடிட்டான்.

பழைய வண்டியா, புதிய வண்டியா என்ற கேள்விக்கு, கூடவே நம்பகமான மெக்கானிக் ஒருவர் இருந்தால் முதல் வண்டி பழையதாக இருப்பதே நல்லது என்பேன். முதல் ஆண்டில் அது எப்படியும் ஒருமுறை கீழே விழும். போய்ப் பார்ப்பதற்கு முன், எஞ்சினை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சீல் போயிருக்கிறது. செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் செயினோடு சேர்த்து மாற்ற வேண்டும். லீவர் நுனியிலும் ஃபுட்ரெஸ்ட் நுனியிலும் உள்ள தேய்மானம் வண்டி எத்தனை முறை விழுந்தது என்று சொல்லிவிடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. மேற்பரப்பின் வரிப்பள்ளங்கள் தேயாமல் இருந்தாலும் ரப்பர் வயதாகி இறுகிவிட்டால் ஈரச் சாலையில் பிடிக்காது. பதிவுச் சான்றிதழில் உள்ள எண்களைச் சேஸியிலும் எஞ்சினிலும் பொறித்த எண்களோடு ஒப்பிடாமல் திரும்ப வேண்டாம்.

வண்டிக்கு ஒதுக்கிய பணத்தை முழுவதும் வண்டிக்கே செலவழிக்கவும் கூடாது. ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடும் ஷூ, தேயாத துணியில் ஒரு மேற்சட்டை ஆகிய நான்கையும் முதலில் கணக்கில் எழுதிவிட்டு, மீதியில்தான் வண்டி. 1935 மே மாதம், ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ என்று பெயர்பெற்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் டி.இ. லாரன்ஸ் தன் பிரஃப் சுப்பீரியர் மோட்டார் சைக்கிளில் போகும்போது, சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள்மேல் மோதாமல் இருக்க வண்டியை ஒடித்துத் திருப்பித் தூக்கியெறியப்பட்டார்; தலையில் அடிபட்டு ஆறு நாளில் இறந்தார். ஹெல்மெட் இல்லை. பல ஆண்டு பழகிய கை அவருடையது. அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவர் நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ். மோட்டார் சைக்கிள் விபத்துகளில் தலைக்காயத்தைப் பற்றி ஆராய்ந்து 1941இல் அவர் கட்டுரை வெளியிட்டார். பிரிட்டன் ராணுவத்தில் ஹெல்மெட் கட்டாயமாக அந்த ஆராய்ச்சி வழிவகுத்தது. ஹெல்மெட் மரண ஆபத்தை ஏறக்குறைய 42 சதவீதமும் தலைக்காய ஆபத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த பிற்காலத் தொகுப்பு ஒன்று சொல்கிறது. தாடைப்பட்டையை மாட்டிய பிறகு தலையைக் குலுக்கினால் கன்னத் தோலும் கூடவே நகர வேண்டும். ஹெல்மெட் தனியாக ஆடினால் அளவு பெரிது.

அவன் அந்த 160 சிசி வண்டியைத்தான் வாங்கினான். இரண்டு வாரத்துக்குப் பிறகு ஒரு மாலையில், நான் கிளட்ச் பழகிய அதே மைதானத்துக்கு என்னை வரச் சொன்னான். இரண்டு செங்கற்களை இருபது அடி இடைவெளியில் வைத்து, அவற்றைச் சுற்றி எட்டு போட்டுக்கொண்டிருந்தான். கண் செங்கல்லில் இல்லை. அடுத்துப் போக வேண்டிய இடத்தில் இருந்தது. எஞ்சின் சத்தம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஏழாவதோ எட்டாவதோ சுற்றில், ஹேண்டில்பார் முழுக்க இடப்பக்கம் ஒடிந்திருந்த நேரத்தில், எங்கிருந்தோ ஒரு நாய் குறுக்கே ஓடிவந்தது. எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அவன் கிளட்சைப் பிடித்தான். ஹேண்டில்பாரை நேராக்கினான். பின் பிரேக்கை மிதித்தான். வண்டி நிமிர்ந்து நின்றது, இடது பாதம் குதிகால் வரை தரையில் படிந்தது.

நாய் போகும்வரை காத்திருந்துவிட்டு, கிளட்சை மெல்ல விட்டான்.